வாயில்லா உயிரும் வயிற்று நோயும்

மாட்டை வாயில்லா உயிர் என்று சொல்வது நம் வழக்கம். நாள் முழுவதும் மென்றுகொண்டிருக்கும் வாய் அதற்கு உண்டு. வலிக்கிறது என்று சொல்லும் மொழிதான் இல்லை. மனிதன் தலைவலியையும் மூட்டுவலியையும் பிறரிடம் சொல்லி ஆறுதல் பெறுகிறான். மாடோ தீனியைத் தொடாமல் நிற்கும். அசை போடுவதை நிறுத்தும். அதன் சாணத்தின் நிறமும் இளக்கமும் மாறும். அது தன் துன்பத்தைத் தெரிவிக்கும் இந்த வழிகள் மூன்றும் வயிற்றைச் சார்ந்தவை. ஆகவே கால்நடை வளர்ப்போர் எந்த நோயைக் கண்டாலும் முதலில் வயிற்றுக் கோளாறு என்றே முடிவு செய்கின்றனர். அந்த முடிவு பெரும்பாலும் தவறன்று. ஆனால் அக்கோளாறு எதனால் வந்தது என்று கேளாமல், வழக்கமான கை மருந்தைப் புகட்டிவிட்டுக் காத்திருப்பதால் பிழைத்திருக்க வேண்டிய எத்தனையோ மாடுகள் இறந்திருக்கின்றன.

பேராக் மாநிலத்து ரப்பர்த் தோட்டங்களில் இக்கேள்வி வெறும் மருத்துவக் கேள்வியாக இருந்ததில்லை. அம்மாநிலத்தின் கோலகங்சாரில் 1877ஆம் ஆண்டு ரப்பர்க் கன்றுகள் நடப்பட்டன. பின்னர்க் கிந்தாப் பள்ளத்தாக்கிலும் சுங்கை சிப்புட் வட்டாரத்திலும் தோட்டங்கள் பெருகியபோது, தமிழகத்திலிருந்து வந்த தொழிலாளர்கள் தம் கிராமத்துப் பழக்கங்களையும் உடன் கொண்டுவந்தனர். அவற்றுள் ஒன்று மாடு வளர்ப்பது. லயத்துக்குப் பின்னால் நாலு கால் நட்டுத் தகரமோ அத்தாப்போ வேய்ந்த கொட்டகையில் ஒரு பசு நிற்கும். காலையில் பால் மரம் சீவிவிட்டு வந்தவர் மாலையில் புல்லறுக்கப் போவார். கறந்த பால் கிராணி வீட்டுக்கும் ஒட்டுக்கடைக்கும் போகும். கூலியாக வந்த காசு கடைக்கணக்கில் கரையும். பால் காசுதான் கையில் நிற்கும். பிள்ளையின் பள்ளிச் செலவும் பெண்ணின் திருமணமும் அந்தக் காசை நம்பியிருந்தன. வங்கியைக் கண்டறியாத குடும்பத்துக்கு வங்கி அந்தப் பசுவே. பசு ஓரிரவில் வயிறு உப்பி இறந்தால், பல ஆண்டுச் சேமிப்பு விடிவதற்குள் போய்விடும்.

சுங்கை சிப்புட்டுக்கு அருகே ஒரு தோட்டத்தில் அவ்வாறு மாடு வளர்த்த மூதாட்டி ஒருவர் இருந்தார். எழுதப் படிக்கத் தெரியாதவர். வெளிக்காட்டு வேலைக்குப் போய் வந்தவர். ஆனால் மாட்டைப் பார்ப்பதில் அவருக்கு இணையானவர் அந்த லயத்தில் இல்லை. அதிகாலையில் கொட்டகைக்குள் நுழைந்ததும் அவர் கை முதலில் பசுவின் மூக்கு நுனிக்குப் போகும். அங்கே பனித்துளி போல ஈரம் அரும்பியிருந்தால் முகம் மலரும். காய்ந்திருந்தால் புருவம் நெரியும். பிறகு காதின் அடியைப் பிடித்துச் சூடு பார்ப்பார். இரவில் கிடந்த சாணத்தைக் காலால் நகர்த்திப் பார்ப்பார். கடைசியாக, இடப்பக்க வயிற்றில் விலா எலும்புக்குப் பின்னுள்ள குழியில் முட்டியை அழுத்தி வைத்துக்கொண்டு பேசாமல் நிற்பார். உள்ளே அலை போல ஒன்று எழுந்து அவர் முட்டியைத் தள்ளும். அது வந்தால்தான் பால் குவளையைக் கையில் எடுப்பார்.

கால்நடை மருத்துவர் செய்யும் முதல் சோதனைகளும் இவையே. மாட்டின் வயிறு நான்கு அறைகள் கொண்டது. முதல் அறையாகிய பெருவயிறு வளர்ந்த மாட்டில் நூறு லிட்டருக்கும் மேல் கொள்ளக்கூடிய தொட்டி. அங்கே எண்ணற்ற நுண்ணுயிர்கள் வாழ்கின்றன. புல்லைச் செரிக்கச் செய்பவை அவையே; மாடு தன் வயிற்றில் அவற்றை வளர்த்து, அவற்றின் உழைப்பால் உயிர் வாழ்கிறது என்றே சொல்லலாம். பெருவயிறு இரண்டு நிமிடங்களுக்கு ஏறக்குறைய இரண்டு மூன்று முறை சுருங்கி விரிகிறது. மூதாட்டியின் முட்டியைத் தள்ளிய அலை அதுதான். நலமான மாடு நாளில் ஆறு முதல் எட்டு மணி நேரம் வரை அசை போடும். அப்போது ஊறும் உமிழ்நீர் வயிற்றின் புளிப்பைத் தணிக்கிறது. அசை நின்றால் உமிழ்நீர் குறையும், புளிப்பு ஏறும், நுண்ணுயிர்களின் சமநிலை குலையும். தீனி திடீரென மாறினாலும் இதே குலைவு நேரும். புதிய தீனிக்கு ஏற்ற நுண்ணுயிர்கள் பெருகப் பல நாள்கள் ஆகும். ஆகவே மாட்டின் வயிற்று நோய்களுள் பெரும்பகுதிக்குக் காரணம் 'மாற்றம்' என்னும் ஒரு சொல்லில் அடங்கிவிடுகிறது.

அந்த மாற்றம் எங்கிருந்து வருகிறது என்பதைக் கண்டறிவதுதான் கடினம். வயிற்று உப்புசத்தையே எடுத்துக்கொள்வோம். இடப்பக்க வயிறு முரசு போல் உப்பும். மாடு காலை உதைத்துக்கொள்ளும். நாக்கை நீட்டி மூச்சுத் திணறும். பயறினக் கொடிகளை ஈரத்தோடு அளவுமீறித் தின்றால் வயிற்றில் நுரை கட்டி, காற்று வெளியேற வழியில்லாமல் உப்புசம் உண்டாகலாம். குளிர்நாட்டுப் பயறினப் புற்களால் இந்நோய் மிகுதியாக வருகிறது. ரப்பர் மரங்களுக்கிடையே மண்ணை மூட வளர்க்கும் வெப்பநாட்டுக் கொடிகளால் அத்தனை எளிதில் வருவதில்லை. நுரை கட்டிய உப்புசத்துக்கு எண்ணெய் நல்ல மருந்து. கால் லிட்டர் முதல் அரை லிட்டர் வரை கடலை எண்ணெயோ நல்லெண்ணெயோ உள்ளே போனால் நுரை உடைந்து காற்றுப் பிரியும். நம் முன்னோர் அனுபவத்தால் கண்ட இவ்வுண்மையை அறிவியலும் ஏற்கிறது.

ஆயின் உப்புசம் எல்லாம் நுரையால் வருவதன்று. மரவள்ளிக் கிழங்குத் துண்டு தொண்டைக்குக் கீழே சிக்கிக்கொண்டாலும் காற்று வெளியேறாமல் வயிறு உப்பும். அப்போது வாயில் எச்சில் ஒழுகும். குடித்த தண்ணீர் மூக்கு வழியே திரும்பும். அந்த மாட்டின் தலையைத் தூக்கி, நாக்கை இழுத்துப் பிடித்து, மூங்கில் குழாயால் எண்ணெய் ஊற்றினால் எண்ணெய் நுரையீரலுக்குள் போகும். உப்புசத்தால் சாகாத மாடு மருந்தால் சாகும். மரவள்ளியின் பச்சை இலையில் வேறொரு தீங்கு இருக்கிறது. அதை மென்றதும் கொடிய நஞ்சாகிய சயனைடு வெளிப்படுகிறது. நிறையத் தின்ற ஆடு சிறிது நேரத்தில் மூச்சிரைத்துத் தள்ளாடி விழும். மறுநாள் காலையில் பார்ப்பவர் கண்ணுக்குத் தெரிவது உப்பிய வயிறு மட்டுமே. மலேசிய வெயிலில் எந்த உடலும் சில மணி நேரத்தில் உப்பிவிடும். இறந்த பின் வந்த உப்பலை இறப்பின் காரணமாகக் கொள்வது தோட்டப் புறங்களில் அடிக்கடி நேர்ந்த பிழை.

அந்த மூதாட்டியின் முதல் பசு 1950களில் இறந்தது. மாலையில் மேய்ச்சலிலிருந்து வந்த பசு பல்லைக் கடித்துக்கொண்டு நின்றது. விடாமல் தண்ணீர் குடித்தது. இரவில் நீராய்க் கழிந்தது. அதில் இரத்தமும் கண்டது. கண்ணேறு என்று ஒருவர் சொன்னார். உப்புசம் என்று சொல்லி எண்ணெய் கொண்டுவந்தார் இன்னொருவர். கோழி கூவும் முன்பே பசு கால்களை நீட்டிவிட்டது. மூன்றாம் நாள் அண்டை வீட்டாரின் கிடாரி அதே போல் இறந்தது. அப்போதுதான் அவர் மாடு மேய்த்த சிறுவனை அழைத்து, "எங்கே மேய்ச்சே, சொல்லு தம்பி" என்று கேட்டார். இரண்டும் ஒரே இடத்தில் மேய்ந்திருந்தன. அவ்விடத்து லாலாங் புல்லுக்கு அந்த வாரம்தான் மருந்தடித்திருந்தனர். அடித்தவர்களுள் ஒருவர் அவர் கணவர்.

அந்நாளில் மலாயாத் தோட்டங்களில் லாலாங்கை ஒழிக்கப் பரவலாகப் பயன்பட்ட மருந்து சோடியம் ஆர்சனைட். சித்த மருத்துவம் பாடாணம் என்று குறிப்பிடும் நஞ்சினத்தைச் சேர்ந்தது அது. அதன் உவர்ப்புச் சுவை மாட்டைத் தன்பால் ஈர்க்கும். உப்புக்கு ஏங்கும் கால்நடை, மருந்து தெளித்த புல்லைத் தேடிப் போய் நக்கும். குடலின் உட்சுவரை அந்நஞ்சு எரித்துவிடும். வயிற்று வலி, பல்கடிப்பு, அடங்காத தாகம், இரத்தம் கலந்த கழிச்சல், தள்ளாட்டம் ஆகியவை அதன் அறிகுறிகள். 1960களின் தொடக்கத்தில் பாராகுவாட் என்னும் களைக்கொல்லி வந்து அதன் இடத்தைப் பிடித்தது. அதுவும் கொடிய நஞ்சே. தெளித்தவர் தோலையும் நகத்தையும் அரித்தது. விழுங்கியவர் நுரையீரலை அழித்தது. மலேசிய அரசு 2002இல் அதற்குத் தடை அறிவித்து, 2006இல் தளர்த்தி, இறுதியில் 2020 சனவரி முதல் நாளிலிருந்து முற்றாகத் தடை செய்தது. மாட்டின் குடலில் 1950களில் தெரிந்த எச்சரிக்கையை மனிதர் முழுமையாக ஏற்க அத்தனை காலம் ஆயிற்று.

கணவரையோ மருந்தையோ மூதாட்டி பழித்துப் பேசியதாக எவரும் கேட்டதில்லை. அன்று முதல் அவரிடம் ஒரு பழக்கம் ஏற்பட்டது. யார் வீட்டு மாடு படுத்துக்கொண்டாலும், கை மருந்து சொல்லும் முன் அவர் மூன்று செய்திகளைக் கேட்பார்: நேற்று எங்கே மேய்ந்தது, புதிதாக என்ன தின்றது, கூட மேய்ந்த மாடு எப்படி இருக்கிறது. கால்நடை மருத்துவ மாணவர் பல ஆண்டுகள் பயின்று பெறும் பயிற்சியின் முதற்பாடம் அம்மூன்று கேள்விகளில் அடங்கியிருந்தது.

அக்கேள்விகள் பல உயிர்களைக் காத்தன. மாட்டுப் பொங்கலன்று அன்பு மிகுதியால் பசுவுக்குச் சட்டி நிறையச் சர்க்கரைப் பொங்கலும் சீப்புச் சீப்பாய் வாழைப்பழமும் கொடுக்கும் வீடுகள் இருந்தன. மறுநாள் அந்தப் பசு தள்ளாடி நிற்கும். சாணம் சாம்பல் நிறத்தில் இளகிப் புளித்த நாற்றம் வீசும். வேகவைத்த அரிசி பெருவயிற்றில் மிக விரைவாகப் புளித்து அமிலமாவதால் வரும் நோய் அது. எண்ணெயால் அதற்குப் பயனில்லை. புளிப்பைத் தணிக்கும் சோடா உப்பும், விரைந்து வரும் மருத்துவருமே வேண்டும். மாட்டைத் தொழுவது ஒரு நாள். அதன் வயிற்றை அறிந்து தீனி கொடுப்பது ஆண்டு முழுவதும் செய்ய வேண்டிய வழிபாடு.

மற்றொரு சமயம், ஒரு பசு பல நாள்களாகத் தீனி குறைந்து, முதுகை வளைத்துக்கொண்டு நின்றது. கழிச்சல் இல்லை, உப்பசமும் பெரிதாக இல்லை. ஆனால் மேட்டில் எளிதாக ஏறிய அந்தப் பசு, இறக்கத்தில் இறங்க மறுத்து முனகியது. மூதாட்டி அதை எண்ணெயிடம் விடாமல் கால்நடை அலுவலரிடம் காட்டச் சொன்னார். பால் கோப்பையை மரத்தில் மாட்டும் கம்பியின் துண்டு ஒன்று புல்லோடு உள்ளே போயிருந்தது. மாடு புல்லை மென்று பார்த்துத் தின்பதில்லை. வாரி விழுங்கிவிட்டுப் பிறகுதான் அசை போடும். விழுங்கிய கம்பி இரண்டாம் அறையில் தங்கும். அவ்வறைக்கும் இதயத்துக்கும் இடையே உள்ள தொலைவு மிகச் சிறிது. இறங்கும்போது உடலின் எடை முன்னோக்கிச் சாய்வதால் கம்பி குத்தும்; அதனால்தான் மாடு இறக்கத்துக்கு அஞ்சுகிறது. இக்காலத்தில் நகர்ப்புறத்தில் அலையும் மாடுகளின் வயிற்றில் கம்பியோடு பிளாஸ்டிக் பைகளும் சேர்ந்துகொண்டன. செரிக்காமலும் வெளியேறாமலும் அவை சுருண்டு பெருவயிற்றை நிரப்ப, வயிறு நிறைந்திருக்கையிலேயே மாடு பட்டினியால் மெலிகிறது.

தோட்டங்களும் மாறின. 1950களின் இறுதியில் பெருந்தோட்டங்கள் துண்டாடப்பட்டு விற்கப்பட்டபோது, தொழிலாளரின் வாழ்விடத்தைக் காக்கச் சுங்கை சிப்புட்டைச் சேர்ந்த வீ. தி. சம்பந்தன் 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தை அமைத்தார். எனினும் காலப்போக்கில் பல இடங்களில் ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. சில தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாயின. லயங்கள் வெறுமையாயின. ஈப்போவின் புறநகர்களுக்குக் குடிபெயர்ந்தோர் மாட்டை விற்றனர். சிலர் ஆடு வளர்க்கத் தலைப்பட்டனர். மூதாட்டியின் மகனும் அவர்களுள் ஒருவர்.

புதிய நிலம் புதிய நோய்களைக் கொண்டுவந்தது. செம்பனை ஆலைகளிலிருந்து கிடைக்கும் விதைப் பிண்ணாக்கு மாட்டுக்கு மலிவான நல்ல தீனி. அதையே செம்மறியாட்டுக்கு நாள்தோறும் மிகுதியாகக் கொடுத்தால் அதிலுள்ள செம்புச் சத்து ஈரலில் சேர்ந்துகொண்டே போகும். பல வாரங்கள் எந்தக் குறியும் தெரியாது. ஒரு நாள் திடீரென்று கண் மஞ்சளாகி, சிறுநீர் கருஞ்சிவப்பாகி ஆடு இறந்துவிடும். ரப்பர் மரங்களுக்கடியில் களையைத் தின்னச் செம்மறியாடு வளர்க்கும் திட்டத்தை ரப்பர் ஆய்வுக் கழகம் ஊக்குவித்த நாட்டில், ஒரே பிண்ணாக்கு மாட்டுக்கு உணவாகவும் ஆட்டுக்கு நஞ்சாகவும் இருப்பதை வளர்ப்போர் அறிந்தாக வேண்டியிருந்தது.

அதனினும் பெரிய பகை குடற்புழு. ஈப்போவில் 1948இல் நிறுவப்பட்ட கால்நடை ஆராய்ச்சி நிலையம் இதில் நீண்ட காலமாக ஆய்வு செய்து வருகிறது. ஆட்டின் நான்காம் வயிற்றில் ஒட்டிக்கொண்டு இரத்தம் உறிஞ்சும் ஒரு வகைப் புழு, வெப்பமும் மழையும் மிகுந்த பேராக் போன்ற இடங்களில் ஆண்டு முழுவதும் பெருகுகிறது. ஒரு பெண் புழு நாளொன்றுக்கு ஆயிரக்கணக்கான முட்டைகளை இடும். இந்தப் புழுவால் பெரும்பாலும் கழிச்சல் வருவதில்லை. புழுக்கை உருண்டையாகவே இருக்கும். ஆடு மேய்ந்துகொண்டே இருக்கும். கீழ் இமையைத் தாழ்த்திப் பார்த்தால்தான் சிவந்திருக்க வேண்டிய சவ்வு வெளுத்திருப்பது தெரியும். பின்னர்த் தாடைக்கடியில் நீர் கோத்துப் பை போலத் தொங்கும். வயிற்று நோய் வயிற்றில் தெரியாமல் கண்ணில் தெரிகிறது.

இதைக் காணத் தெரியாதவர் செய்வது ஒன்றே: மாதந்தோறும் எல்லா ஆட்டுக்கும் புழு மருந்து கொடுப்பது. மூதாட்டியின் மகனும் அதையே செய்தார். முதலில் மருந்து நன்றாக வேலை செய்தது. பின்னர் அளவைக் கூட்ட வேண்டியிருந்தது. கடைசியில் எந்த மருந்துக்கும் புழு அசையவில்லை. மருந்தில் பிழைத்த புழுக்களே பெருகி, மருந்தை வெல்லும் மரபை உண்டாக்கிவிட்டன. ஈப்போ ஆராய்ச்சி நிலையத்தில் பணியாற்றிய சந்திரவதனி பஞ்சாட்சரம் மலேசிய ஆடுகளில் இச்சிக்கலை விரிவாக ஆராய்ந்து, 2004இல் சுவீடன் நாட்டுப் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்ட ஆய்வாக அளித்தார். சாணத்திலேயே புழுவின் இளம்பருவத்தைச் சிக்கவைத்துத் தின்னும் பூசணத்தைப் பயன்படுத்தும் வழியும் அவ்வாய்வில் இடம்பெற்றது. மருந்தால் மட்டும் தீராத நோயை மேய்ச்சல் முறையால் குறைக்கலாம் என்பதும் இன்று தெளிவாகியிருக்கிறது. ஒரு துண்டு நிலத்தில் மூன்று நான்கு நாள்கள் மட்டும் மேயவிட்டு, ஒரு மாதத்துக்கும் மேல் அங்கே ஆடுகளை விடாமலிருந்தால், காத்திருக்கும் புழுக்குஞ்சுகளுள் பெரும்பாலானவை வெப்பநாட்டில் மடிந்துவிடும். வெளுத்த இமையுள்ள ஆட்டுக்கு மட்டும் மருந்து கொடுத்தால் மருந்தின் வலிமையும் நிலைக்கும்.

அறிகுறியைக் கண்டவுடன் காரணம் தெரிந்துவிட்டதாக எண்ணும் பிழை பாமரருக்கு மட்டும் உரியதன்று. 1998இல் கிந்தா வட்டாரத்தில் பன்றி வளர்ப்போரிடையே மூளைக் காய்ச்சல் பரவியபோது, கொசுவால் பரவும் ஜப்பானிய மூளைக் காய்ச்சல் என்றே முதலில் கருதினர். கொசுவுக்குப் புகை அடித்தனர். மக்களுக்குத் தடுப்பூசி போட்டனர். நோய் தெற்கே நெகிரி செம்பிலான் வரை சென்றது. 1999 மார்ச்சில்தான் அது நிப்பா என்னும் புதிய நச்சுயிரி எனத் தெரியவந்தது. அதற்குள் நூற்றுக்கு மேற்பட்டோர் இறந்தனர். பத்து இலட்சத்துக்கும் மேற்பட்ட பன்றிகள் அழிக்கப்பட்டன. அது வயிற்று நோய் அன்று. ஆயினும் அதன் தோற்றம் பற்றிய ஆய்வு, பன்றிக் கூடங்களை ஒட்டி நின்ற பழமரங்களிலும், அங்கே வௌவால் கடித்துப் போட்ட பழங்களிலும் போய் முடிந்தது. எங்கே மேய்ந்தது, என்ன தின்றது என்னும் பழைய கேள்வி அங்கும் பொருந்திற்று.

திருவள்ளுவர் மருந்து என்னும் அதிகாரத்தில் நோய் இன்னதென்று அறிவதோடு நில்லாமல், அதன் முதலையும் ஆராய்ந்து, தணிக்கும் வழியையும் தேர்ந்து செய்யப் பணிக்கிறார். மனிதருக்குச் சொன்ன அந்நெறி, தன் நோயைச் சொல்ல இயலாத உயிருக்கு இன்னும் அதிகமாகப் பொருந்தும். இன்று ஆடு மாடு வளர்ப்போர்க்கு முந்தைய தலைமுறைக்கு இல்லாத வசதிகள் உண்டு. ஒரு கைப்பிடிப் புழுக்கையைக் கொண்டுபோய்க் கொடுத்தால் புழு முட்டையை எண்ணிச் சொல்ல ஆய்வுக்கூடம் இருக்கிறது. இறந்த விலங்கை அறுத்துப் பார்த்துக் காரணம் சொல்ல வல்லுநர் இருக்கின்றனர். இவ்வளவு இருந்தும், காலையில் மூக்கு நுனியைத் தொட்டுப் பார்க்க ஒரு கை வேண்டும். இமையைத் தாழ்த்திப் பார்க்க ஒரு கண் வேண்டும். ஆய்வுக்கூடம் அவற்றைத் தர இயலாது. தோட்டங்கள் மறைந்த பின்பும் அந்தப் பார்வையைத் தம் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுப்பவர் வீட்டில்தான் கால்நடை செழிக்கும்.